நான்காம் பொருளுக்கு ஒரு வாக்கியம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் கோமதி சங்கரி போன் செய்தார். ஆங்கில – தமிழ் அகராதியில் இந்த மாதம் என் பங்குக்கு வந்த சொற்களைச் சொன்னார். பெரும்பாலும் எளியவை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: டிலைட்.

"பெரிய மகிழ்ச்சி, அவ்வளவுதானே சார்? அரை நாள் வேலை" என்றார். அவர்தான் எங்கள் பதிப்பாசிரியர். என்னிடம் படித்தவர் இல்லை. அதனால் என்னைக் கிண்டல் செய்யத் தயங்குவதில்லை.

அரை நாள் வேலை இல்லை. எங்கள் அகராதிக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் தமிழ் உதாரணம், தொகுப்பவர் தன் காதால் கேட்ட வாக்கியமாக இருக்க வேண்டும். யோசித்து எழுதக் கூடாது. புத்தகத்திலிருந்தும் எடுக்கக் கூடாது. சீட்டில் வாக்கியத்தை எழுதி, அடியில் சொன்னவர் யார், இடம் எது என்று குறிக்க வேண்டும். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் பஸ்ஸிலும் பல் டாக்டர் வீட்டு வராந்தாவிலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். "ஒட்டுக்கேக்கதுக்குன்னு ஒரு ஆபீஸே வச்சிருக்காவ" என்பாள் என் மகள் எப்சிபா.

பொருளை நான்காகப் பிரித்திருக்கிறேன். ஒன்று, மனத்தை நிறைக்கும் மகிழ்ச்சி. இரண்டு, அதைத் தரும் ஆளோ பொருளோ. மூன்று, வினையாக, மகிழ்வித்தல். நான்கு, ஒன்றைச் செய்வதில் தனி இன்பம் காணுதல். பெரும்பாலும் அடுத்தவருக்கு நோகக்கூடிய ஒன்றை. நான்கை ஒன்றோடு சேர்த்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. தெரியவில்லை.

தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. வாளியில் இறைத்தோம்.

பிப்ரவரி 5, புதன்

மோட்டாரைப் பார்க்கத் தனசிங் வந்தார். அவர் வேலை அதுதான். முருகன்குறிச்சிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வருகிற 27ஆம் தேதி எப்சிபாவைக் கட்டப்போகிறவரும் அவர்தான். எப்சிபா பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர், எம்.எஸ்ஸி. வயது நாற்பத்துமூன்று. அவருக்கு நாற்பத்தெட்டு. மனைவி மும்பையில் இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் குறை சொல்லத் தெரியவில்லை.

"எரிஞ்சிபோச்சு சார். கழட்டிட்டுப் போறேன். சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமைதான் முடியும்."

"அவ்வளவு நாளா?"

"வேற ஆளுன்னா நாளைக்கே தந்துருவேன். மாமனார் வீடுல்லா, நிதானமா கட்டணும்."

எப்சிபா உள்ளிருந்து சிரித்தாள். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

மதியம் அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ முணுமுணுவென்று பாட்டு. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வெக்கமா இருக்குப்பா, இந்த வயசுல இவ்ளோ சந்தோஷமா இருக்கது."

முதல் பொருளுக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது. சீட்டில் எழுதினேன். பிறகு அனுப்பவில்லை. வீட்டுப் பேச்சை எப்படி அச்சில் கொடுப்பது?

மாலை அக்கா போன் செய்தாள். கொஞ்ச நேரம் பேசினோம். பொதுவான பேச்சுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

இரண்டாம் பொருள். மகிழ்ச்சியைத் தருபவர். (மூன்றாவதற்குப் பஸ்ஸில் ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது.)

எப்சிபா என்பது எபிரேயப் பெயர். என் மகிழ்ச்சி இவளிடத்தில் என்று பொருள். அவள் பிறந்தபோது என் மனைவி எஸ்தர் வைத்தது. எஸ்தர் போய் ஒன்பது வருடமாகிறது. பெயர் வாக்கியம் ஆகாது, அதனால் கணக்கில் சேராது. ஆனால் இன்று வேறு எதுவும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குப்பின் அவள் அவர் வீட்டுக்குப் போகிறாள். "பஸ்ல ரெண்டு ஸ்டாப்புதானேப்பா" என்கிறாள். ரத்த அழுத்த மாத்திரையை எந்த டப்பாவில் வைக்கிறாள் என்று இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்காகவெல்லாம் எனக்குக் கவலை இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் ஓலை வாசிப்பு.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் ஆராதனை நடுவில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்ல நியாயம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வது. யாராவது எழுந்தால், விசாரித்து முடியும்வரை கல்யாணம் இல்லை. அடுத்த மாதம் தொடக்கத்தில் லெந்து என்னும் தவக்காலம் வந்துவிடும். உயிர்த்தெழுந்த பண்டிகை வரை கோயிலில் கல்யாணமே நடக்காது.

எப்சிபாவுக்கு இது இரண்டாவது முறை. இருபத்தாறு வயதில் முதல் ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அன்று முதல் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இந்த முறை நிச்சயத்தின்போது என்னிடமும் தனசிங்கிடமும் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை பாதியில நின்னா அதோட முடிஞ்சுது. ஈஸ்டருக்கு அப்புறம் பாப்போம்ங்கிற பேச்சே கிடையாது. நான் இப்படியே இருந்துருவேன்." சொன்னால் செய்வாள்.

ஐயர் கேட்டார். ஒருவரும் எழவில்லை. பெண்கள் பக்கம் அக்கா விசிறிக்கொண்டிருந்தாள்.

ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் பெண் கோயிலுக்குப் போவதில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம். திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"என்னப்பா, யாராச்சும் எந்திச்சாங்களா?"

"இல்லம்மா."

"ஒருத்தர்கூடவா? ஊருல எம்மேல ஒருத்தருக்கும் அக்கறையே இல்ல போல."

சிரித்தாள். ஆனால் என் முகத்தைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிப்ரவரி 12, புதன்

தெரு முனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் சுடலையிடம் வேட்டி சட்டை கொடுக்கப் போனேன். பெட்டியைக் கரியின் மேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார் தப்பா எடுத்துக்கிடக் கூடாது. நம்ம மாப்பிள்ளைக்கு பம்பாய்ல பொஞ்சாதி உயிரோட இருக்காமே?"

"யார் சொன்னது?"

"அப்படி ஒரு பேச்சு. செத்துப்போச்சுன்னு சொல்லுதாவ, அடக்கம் பண்ணதை யாரு பார்த்தா?"

வயிற்றில் ஏதோ குளிர்ந்தது. அதிர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

சுடலைக்கும் எங்கள் சபைக்கும் சம்பந்தமே இல்லை. அவர்வரை வந்துவிட்டதென்றால் பாளையங்கோட்டை முழுக்கச் சுற்றிவிட்டது என்று பொருள். யார் கிளப்பினார்களோ.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எழுதியதை இன்று படித்தேன். கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று பார்த்தேன். நாட்குறிப்பில் அடிப்பது என் பழக்கமில்லை.

ஐந்தாம் தேதி போனில் அக்கா மாப்பிள்ளையின் முதல் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தாள். மும்பையிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம் என்றேன். பிறகு, "யாரு பார்த்தா?" என்றேன். அவ்வளவுதான். நான் எதையும் சொல்லவில்லை. கேட்டேன். கேள்வி எப்படிச் செய்தியாகும்?

ஐயர் மரணச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் ஓலைக்கு ஒப்புக்கொண்டார். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பிப்ரவரி 15, சனி

தனசிங் மோட்டாரைக் கொண்டுவந்தார். எப்சிபா பள்ளியில் சிறப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தாள். வார்னிஷ் வாசனையோடு அவர் தரையில் உட்கார்ந்து போல்ட்டை முடுக்கினார். நான் டார்ச் பிடித்தேன்.

"பேச்சு காதுல விழுந்துது சார்" என்றார், நிமிராமல்.

அடுத்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"எபிகிட்ட சொல்லிராதீங்க. வெசனப்படுவா." ஸ்பேனரை மாற்றிக்கொண்டார். "லீலா செத்தது ஆடி மாசம். பம்பாய் மழை உங்களுக்குத் தெரியாது சார். வெட்டுன குழியில தண்ணி ஊறிட்டே இருக்கு. ரெண்டு ஆளு வாளியால கோருதாங்க, நிக்கவே இல்ல. பெட்டியைத் தண்ணிக்குள்ள எப்படி இறக்க? கடையில ரிப்பேருக்கு வந்த மோட்டார் ஒண்ணு கிடந்துது. ஓடிப்போய் எடுத்துட்டு வந்து, பக்கத்துக் கட்டடத்துல கரண்டு கேட்டு வாங்கி, நானே இறைச்சேன். இறைச்சு முடிச்சுத்தான் அவளை உள்ள விட்டோம்."

டார்ச்சை இன்னும் கொஞ்சம் இப்படிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"அதுக்கப்புறம் ஊருக்கு வந்தும் ஒரு வருசம் மோட்டாரையே தொடல. எபிதான் பள்ளிக்கூடத்து மோட்டாரைத் தூக்கிட்டு வந்து, நீங்கதான் பண்ணிக் குடுக்கணும்னு நின்னா."

ஸ்விட்சைப் போட்டார். சத்தமே இல்லாமல் ஓடியது. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. "மோட்டார் நல்லா இருந்தா அது ஓடுதுன்னே தெரியக் கூடாது சார்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு, காபி வேண்டாம் என்று போய்விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

ஐயர் கேட்டதும் பெண்கள் பக்கம் ஒரு தடி தரையில் தட்டுப்பட்டது. அக்காவின் தடி. ஆனால் அவள் எழவில்லை.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஞானப்பூ அக்காவுக்கு எண்பது வயது. குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"இன்னைக்கே எந்திச்சிருப்பேன் தம்பி. இருமல் வந்துட்டு. அடுத்த வாரம் பாத்துக்க."

"அக்கா, எதுக்கு..."

"எதுக்கா? நம்ம பிள்ளையை ரெண்டாந்தாரமா, முதல்தாரம் உசுரோட இருக்கும்போதே தள்ளிவிடச் சொல்லுதியா? கோயில் சங்கத்துப் பொம்பளையள் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், நான் கேப்பேன்னு."

கூட்டம் பார்த்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"யாராச்சும் எந்திச்சாங்களா?"

"இல்லம்மா."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "சாப்பிடுங்க" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்திக்கொண்டேன். போய் உட்கார்ந்ததும் வரிசை கலைந்துவிட்டது.

"அக்கா, அந்தப் பிள்ளை செத்தது உண்மைதான். சான்றிதழ் இருக்கு. ஐயர் பார்த்திருக்காங்க."

"பம்பாய்ல சர்டிபிகேட்டு வாங்குறது ஒரு விசயமா?"

"அவரே எங்கிட்ட சொன்னாரு. குழியில தண்ணி ஊறி..."

"அவரு சொல்லாம வேற யாரு சொல்லுவா? அவருக்குத்தானே கல்யாணம்." முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "ஏ தம்பி, நான் படிக்காதவ. நீ ஒரு வார்த்தையை வாயிலேர்ந்து எடுக்க முன்னாடி நாலு புஸ்தகம் பாக்குறவன். நீ யாரு பார்த்தான்னு கேட்டா, சும்மாவா கேப்ப? உள்ள ஏதோ தெரிஞ்சுக்கிட்டு, வாய் வராமத்தானே எங்கிட்ட கேட்ட? சின்ன வயசுலேர்ந்து உனக்காகப் பேசுறது யாரு? நான்தானே."

"நான் சும்மாதான் கேட்டேன் அக்கா."

"பயப்படாத. உம் பேரை இழுக்க மாட்டேன்."

எழுபத்துநான்கு வயதில் அக்காவின் முன் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் யோசித்துத்தான் பேசுவேன் என்று ஊருக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இப்போது வதந்தியாக நடமாடிக்கொண்டிருக்கிறது. அவள் அன்பினால்தான் எழப்போகிறாள். அதனால் அவளைத் தடுக்கவும் முடியாது.

பிப்ரவரி 20, வியாழன்

கோமதி போன்.

"சார், டிலைட் என்ன ஆச்சு? ஒரு சொல்லுக்கு ஒரு மாசம்னா, நாம கடைசி எழுத்துக்குப் போறதுக்குள்ள இங்கிலீஷே மாறிடும்."

முதல் மூன்று பொருளுக்கும் தமிழ்ச் சொற்களை வாசித்துக் காட்டினேன். உவகை புத்தகத்தைவிட்டு வெளியே வருவதில்லை. களிப்பில் கள் வாடை கொஞ்சம் உண்டு. பூரிப்பு முகத்தில் தெரிந்துவிடும், ஒளிக்க முடியாது. மனசு குளிர்ந்தது என்பது இந்த வெயில் ஊருக்கே உரியது. ஆங்கிலச் சொல்லின் பழைய வேர் ஆசை காட்டி இழுத்தல் என்பதையும் சொன்னேன்.

"நாலாவது?"

"வாக்கியம் கிடைக்கல. அதை எடுத்துவிடலாமா என்று..."

"எப்படி சார் எடுக்கிறது? அடுத்தவங்க கஷ்டத்துல சந்தோஷப்படுறதுக்குத் தமிழ்ல ஆளே இல்லையா? கொண்டாட்டம்னு சொல்லுவோமே. உனக்குக் கொண்டாட்டமா இருக்கான்னு. யாராவது உங்களைக் கேட்டதில்லையா?"

"இல்லை" என்றேன்.

"நீங்க ரொம்ப நல்லவர் சார்" என்று சிரித்தார்.

போனை வைத்தபின் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். பன்னிரண்டாம் தேதி சுடலை சொன்னபோது வயிற்றில் ஒன்று குளிர்ந்ததே, அது அதிர்ச்சி இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எப்சிபா இந்த வீட்டிலேயே இருப்பாள் என்று தோன்றியது. மனசு குளிர்ந்தது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

சட்டை அயர்ன் ஆகி வந்தது. எப்சிபா தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், பாட்டில்லாமல். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வழக்கமாக நான் பின்வரிசையில் தூண் ஓரம் உட்காருவேன். இன்று நடுவில் உட்கார்ந்தேன். ஏனென்று கேட்டால் தெரியாது. கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன்தான், ஆனால் அது மேடை, கையில் குறிப்பு இருக்கும். சபையில் நான் இதுவரை எழுந்து பேசியதே இல்லை. காணிக்கைத் தட்டை ஏந்தச் சொன்னபோதுகூட மாட்டேன் என்றவன்.

ஐயர் ஓலையை எடுத்தார். தனசிங் பெயர். எப்சிபா பெயர். சாமுவேல் பொன்னையாவின் குமாரத்தி என்று என் பெயர். இது மூன்றாவதும் கடைசியுமான முறை என்றார். தடை சொல்ல நியாயம் உள்ளவர்கள்...

தடி தரையில் ஊன்றிய சத்தம் கேட்டது. பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. அக்காவுக்கு மூட்டு வலி, எழ நேரமாகும். அந்த இடைவெளியில் நான் எழுந்துவிட்டேன்.

எழுந்தபின்தான் புரிந்தது, பெண்ணின் தகப்பனே தடை சொல்ல எழுந்ததாகச் சபை நினைக்கிறது என்று. யாரோ மூச்சை இழுத்தார்கள். முன்வரிசையில் தனசிங்கின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "பொன்னையா சார், தடை சொல்லுதீங்களா?"

முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை ஐயா. தடை இல்லை. தனசிங்கின் முதல் மனைவி உயிரோடு இருப்பதாக ஒரு பேச்சு சுற்றுகிறது. அதைத் தொடங்கியது நான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எதையும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. மகளை அனுப்ப மனசில்லாமல் ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தேன். அந்த அம்மாவை மழையில், தண்ணீரை இறைத்துவிட்டு அடக்கம் பண்ணியிருக்கிறார். இது என் காதால் கேட்டது. வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது."

நடந்த பேச்சில் இவ்வளவுதான் நினைவிருக்கிறது. சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. அக்கா பாதி எழுந்த நிலையில் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளை அப்படி வாயடைத்து நான் பார்த்ததில்லை. பிறகு மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண்ணிடம் அவள் சொன்னது சபை முழுக்கக் கேட்டது: "அவனே சொன்ன பெறவு நான் என்னத்தைச் சொல்ல?"

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்தபோது ஒருவரும் என்னோடு பேசவில்லை. தனசிங் மட்டும் வாசலில் நின்றிருந்தார். "வெயிலா இருக்கு, வண்டியில விட்டுடறேன்" என்றார். சார் என்று சொல்லவில்லை. மாமா என்றும் சொல்லவில்லை. நடந்தே போய்க்கொள்கிறேன் என்றேன்.

எப்சிபா வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில் இருந்தாள்.

"யாராச்சும் எந்திச்சாங்களா?"

"ஒருத்தர் எந்திரிச்சார்."

கரண்டி நின்றது. "யாரு?"

"நான்."

நடந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், அவள் உட்காரச் சொல்லவில்லை. முடித்ததும் அடுப்பை அணைத்தாள்.

"அத்தை அஞ்சாந்தேதியே எனக்கு போன் பண்ணிட்டாங்கப்பா. உங்கப்பாவே சந்தேகப்படுதாரு, நீ யோசிச்சுக்கோன்னு. நான் கட்டிக்கப்போற அவுககிட்டயும் சொல்லல. ஒவ்வொரு வாரமும் உங்ககிட்ட கேட்டேன்."

கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மேடை ஓரம் வைத்தேன்.

"நின்னுபோயிருந்தா உங்களுக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கும்லா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கண் நிறைந்திருந்தது.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து வைத்தாள். இரண்டு தட்டு. சாப்பிட்டோம். குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு, நான் சொல்லவில்லை. கை கழுவும்போது அவளே சொன்னாள், "உப்பு இல்லன்னா சொல்லித் தொலைங்கப்பா. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வேற யார்ட்டயாவது போய்க் கேக்காதிய."

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் மோட்டார் போட்டேன். ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்தது.

அவளிடம் இரண்டு சீட்டையும் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டேன். நின்றபடியே படித்தாள். "பேரைப் போடுங்க. சும்மா மகள்னு போடாதிய" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

டிலைட், முதல் பொருள்: எனக்கு வெக்கமா இருக்குப்பா, இந்த வயசுல இவ்ளோ சந்தோஷமா இருக்கது.

டிலைட், நான்காம் பொருள்: நின்னுபோயிருந்தா உங்களுக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கும்லா?

இரண்டிலும் சொன்னவர்: எப்சிபா. இடம்: என் வீட்டு அடுப்படி. கோமதிக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் பொருளுக்கு இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை கோயிலில், எஸ்தர் வைத்த அந்தப் பெயரை உரக்க வாசிப்பார்கள். பக்கத்தில் நின்று கேட்பேன்.